அணுவின் ஆயுளும் அறையின் வெப்பமும்

ருபிடியம் அணு ஒன்றை லேசரால் 100S என்னும் மிக உயர்ந்த ஆற்றல் நிலைக்கு ஏற்றி வைக்கிறோம். அது அங்கே எவ்வளவு நேரம் தங்கும்? பதில் சொல்வதற்கு முன், அறையின் வெப்பநிலை என்ன என்று கேட்டாக வேண்டும். சுற்றியுள்ள சுவர்கள் எல்லாம் சுழி கெல்வினை நெருங்கிக் குளிர்ந்திருந்தால் ஏறத்தாழ ஒரு மில்லிநொடி தங்கும். நாம் புழங்கும் அறையைப் போல 300 கெல்வினில் இருந்தால், ஏறத்தாழ அதில் மூன்றில் ஒரு பங்கு நேரமே தங்கும். இத்தனைக்கும் அந்த அணு காற்றில் இல்லை. உயர் வெற்றிடக் கலத்தின் நடுவே, எந்தச் சுவரையும் தொடாமல், வேறெந்த அணுவும் வந்து மோதாமல் இருக்கிறது. லேசர் குளிர்விப்பால் அதன் சொந்த அசைவு ஒரு கெல்வினின் லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியிருக்கலாம். அறை விளக்குகளை அணைத்துவிட்டாலும் இந்தக் கணக்கு மாறாது.

பாடநூல்கள் ஒவ்வொரு கிளர்நிலைக்கும் ஓர் ஆயுட்காலத்தைப் பட்டியலிட்டுத் தருகின்றன. நிறையைப் போல, மின்னூட்டத்தைப் போல, ஆயுளும் அணுவோடு பிறந்த பண்பு என்ற எண்ணம் அதனால் படிப்பவர் மனத்தில் பதிந்துவிடுகிறது. தாழ்ந்த கிளர்நிலைகளைப் பொறுத்தவரை அந்த எண்ணத்தால் பெரிய தீங்கில்லை. நிலை உயர உயர அது தவறாகிறது. மிகவும் கிளர்ந்த அணுவின் ஆயுள் அணுவுக்கும் அதைச் சூழ்ந்த சுவர்களுக்கும் பொதுவானது. 1970களின் இறுதியில் சில சோதனைச்சாலைகள் இதை உணர்ந்தபோது, முதலில் அது ஒரு தொந்தரவாகத்தான் தெரிந்தது. அந்தத் தொந்தரவு கடந்த நாற்பத்தைந்து ஆண்டுகளில் வெப்பமானியாகவும், ஒற்றை ஃபோட்டானை உணரும் கருவியாகவும், விண்வெளியை அளக்கும் கோலாகவும் மாறியிருக்கிறது. இயற்பியலில் இவ்வளவு நன்றாகப் பயன்பட்ட இடையூறுகள் சிலவே என்பது என் கணிப்பு.

வெப்பமுள்ள எந்தப் பொருளும் கதிர்வீசுகிறது. அதன் நிறமாலையை 1900இல் மாக்ஸ் பிளாங்க் எழுதிக்காட்டினார். 300 கெல்வினில் இருக்கும் சுவர்களுக்கு இடையே, விளக்கெல்லாம் அணைந்த பிறகும், ஒவ்வொரு கன சென்டிமீட்டரிலும் ஏறத்தாழ 55 கோடி ஃபோட்டான்கள் எந்நேரமும் நிறைந்திருக்கின்றன. இந்தக் கதிர்வீச்சின் மின்புலத்துக்குச் சராசரி அளவு சொல்ல வேண்டுமானால், சென்டிமீட்டருக்கு 8 வோல்ட்டுக்குச் சற்று அதிகம். கதிர்வீச்சின் உச்சம் 10 மைக்ரோமீட்டர் அலைநீளத்துக்கு அருகே, அகச்சிவப்பில் விழுகிறது. நம் கண்ணுக்கு அது இருட்டு. சாதாரண அணுக்களுக்கும் அது இருட்டுதான்.

ஏன் என்பதை ஓர் எண்ணே சொல்லிவிடும். ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில், கதிர்வீச்சின் ஒரு முறைமைக்கு, அதாவது புலம் அதிரக்கூடிய ஒவ்வொரு தனி வகைக்கும், சராசரியாக எத்தனை ஃபோட்டான்கள் என்பதே முக்கியம். ருபிடியத்தின் அடிநிலை எலக்ட்ரானை அடுத்த நிலைக்கு ஏற்ற 1.59 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். அறை வெப்பத்தின் ஆற்றல் அளவோ 0.026 எலக்ட்ரான் வோல்ட். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 61. பிளாங்கின் விதியில் இந்த எண் அடுக்குக்குறியில் போய் உட்காருகிறது. ஆகவே ஒரு முறைமையில் ஃபோட்டான் இருக்கும் சராசரி, ஒன்றுக்குப் பின் 27 சுழிகள் போட்டு அதனால் ஒன்றை வகுத்தால் வரும் அளவில் நிற்கிறது. அந்த அணு எத்தனை காலம் காத்திருந்தாலும் அறையின் வெப்பம் அதைத் தொடப்போவதில்லை.

எலக்ட்ரானை மேலே ஏற்றிய பிறகு நிலைமை தலைகீழாகிறது. சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜோஹன்னஸ் ரிட்பெர்க் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிறமாலைக் கோடுகளுக்குக் கண்ட சூத்திரத்தால், இத்தகைய அணுக்கள் ரிட்பெர்க் அணுக்கள் எனப் பெயர் பெற்றன. முதன்மைக் குவாண்டம் எண்ணை n என்று வைத்துக்கொண்டால், எலக்ட்ரானின் பிணைப்பாற்றல் n-இன் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. அணுவின் விட்டம் இருமடிக்கு நேர்விகிதத்தில் பெருகுகிறது. அடுத்தடுத்த மட்டங்களுக்கு இடையிலான இடைவெளி மும்மடிக்கு எதிர்விகிதத்தில் சுருங்குகிறது. n எண் 30 என்று கொள்வோம். அப்போது பிணைப்பாற்றல் வெறும் 0.015 எலக்ட்ரான் வோல்ட்; அறை வெப்பத்தின் ஆற்றல் அளவைவிடக் குறைவு. அடுத்த மட்டத்துக்குத் தாவத் தேவையான அதிர்வெண் 240 ஜிகாஹெர்ட்ஸ் அளவுக்கு இறங்கிவிடுகிறது. அந்த அதிர்வெண்ணில், 300 கெல்வின் கதிர்வீச்சின் ஒவ்வொரு முறைமையிலும் சராசரியாக 25 ஃபோட்டான்கள் இருக்கின்றன. அதே அறை, அதே சுவர்கள். ருபிடியத்தின் அடிநிலைக்கு இருட்டாக இருந்தது இந்த அணுவுக்குப் பேரொளியாக இருக்கிறது.

இங்கே கதிர்வீச்சின் அகச்சிவப்பு உச்சத்துக்கு வேலையே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வேலை செய்வது அதன் நீண்ட வால்பகுதி, மில்லிமீட்டர் அலைகளும் நுண்ணலைகளும் கிடக்கும் இடம். செவ்வியல் இயற்பியலின் ராலே, ஜீன்ஸ் சூத்திரம் புற ஊதாப் பகுதியில் தோற்றுப்போனது என்று எல்லோரும் படித்திருக்கிறோம். ஆனால் இந்த வால்பகுதியில் அது சரியாகவே பொருந்துகிறது: ஃபோட்டான்களின் எண்ணிக்கை வெப்பநிலைக்கு நேர்விகிதம், அதிர்வெண்ணுக்கு எதிர்விகிதம். ரிட்பெர்க் அணு வாழ்வது அந்தப் பழைய விதியின் ஆட்சிப்பகுதியில்.

ஃபோட்டான்கள் நிறைய இருப்பது மட்டும் போதாது. அணு அவற்றுக்குச் செவிசாய்க்கவும் வேண்டும். கருவிலிருந்து வெகுதொலைவில் சுற்றும் எலக்ட்ரானுக்கும் கருவுக்கும் இடையில் உருவாகும் மின் இருமுனை, n-இன் இருமடியாகப் பெருகுகிறது. n எண் 30 ஆகும்போது அது சாதாரண அணுவின் இருமுனையைவிட நூற்றுக்கணக்கான மடங்கு பெரியது. புலத்தோடு அணு கொள்ளும் உறவின் வலிமை இந்த இருமுனையின் இருமடியைப் பொறுத்தது. ஆக இரண்டு பெருக்கங்கள் ஒன்றுசேர்கின்றன. கேட்கும் திறனும் பெரிது, கேட்கப்படும் ஓசையும் பெரிது.

அணு ஒளியோடு கொள்ளும் மூன்று வகை உறவை ஐன்ஸ்டைன் 1916, 1917 ஆண்டுகளில் வகுத்தார். அணு தானாகவே கீழே இறங்கி ஒளியை உமிழ்வது ஒன்று. ஏற்கெனவே இருக்கும் ஒளி தூண்டி இறக்குவது இரண்டு. ஒளியை உட்கவர்ந்து மேலே ஏறுவது மூன்று. தன்னிச்சையான உமிழ்வின் வேகம் அதிர்வெண்ணின் மும்மடியைச் சார்ந்தது. எனவே ரிட்பெர்க் அணு தானாக இறங்கும்போது பக்கத்து மட்டங்களுக்கு இறங்குவது அரிது. பெரிய ஆற்றல் இடைவெளியைத் தாண்டி நேரே அடிமட்டத்துக்கு அருகே விழவே விரும்புகிறது. பக்கத்து மட்டங்களுக்கான வேகம் மிகச் சிறியது என்பதால் பழைய கணக்குகள் அதை ஒதுக்கித்தள்ளின. ஆனால் தூண்டப்படும் தாவல்களின் வேகத்தைப் பெற, அந்தச் சிறிய எண்ணை ஃபோட்டான்களின் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். மேலேயும் கீழேயும் பல மட்டங்களுக்கு இதைச் செய்து கூட்டினால், ஒதுக்கித்தள்ளிய பகுதியே முதன்மையாக வந்து நிற்கிறது.

அந்தக் கூட்டுத்தொகை வியப்பூட்டும் எளிமை கொண்டது. கதிர்வீச்சால் அணு தன் நிலையைவிட்டு வெளியேறும் மொத்த வேகம் வெப்பநிலைக்கு நேர்விகிதம், n-இன் இருமடிக்கு எதிர்விகிதம். எலக்ட்ரானின் கோண உந்தம் எதுவாக இருந்தாலும் ஏறத்தாழ ஒன்றே. n எண் 30, வெப்பநிலை 300 கெல்வின் என்றால், கதிர்வீச்சு மட்டுமே செயல்பட்டால் கிடைக்கும் ஆயுள் 44 மைக்ரோநொடி. தன்னிச்சையான ஆயுளோ தாழ்ந்த கோண உந்த நிலைகளில் n-இன் மும்மடியாக நீள்கிறது. இரண்டு போக்குகளும் வெவ்வேறு வேகத்தில் வளர்வதால், n உயரும்போது ஏதோ ஓரிடத்தில் கதிர்வீச்சு முந்திக்கொள்கிறது. அதற்கு மேல் அணு எப்போது இறங்கும் என்பதை அறைதான் முடிவு செய்கிறது.

கோண உந்தம் உச்சத்தில் இருக்கும் வட்டநிலைகளில் இந்த வேறுபாடு மலைக்கவைக்கும் அளவுக்குப் போகிறது. அங்கே எலக்ட்ரான் கருவுக்கு அருகே வருவதே இல்லை. தானாக இறங்க அதற்கு ஒரே ஒரு வழிதான் உண்டு, அடுத்த கீழ் வட்டநிலை. n எண் 50 என்றால் தன்னிச்சையான ஆயுள் 30 மில்லிநொடி. அணு உலகில் இது நீண்ட வாழ்வு. அதே அணுவை 300 கெல்வின் அறையில் வைத்தால், மேலே சொன்ன கணக்குப்படி ஆயுள் 0.12 மில்லிநொடி. இருநூற்றைம்பது மடங்கு குறைகிறது. அணுவில் எதுவும் மாறவில்லை. சுவர்களின் வெப்பம் மட்டுமே மாறியிருக்கிறது.

இவ்வளவு பெரிய விளைவு 1979 வரை ஏன் கண்ணில் படவில்லை? முதல் காரணம் கருவி. விரும்பிய ஒரு ரிட்பெர்க் நிலைக்கு அணுக்களைத் தேர்ந்தேற்றும் வாய்ப்பு, அலைநீளத்தை மாற்றியமைக்கக்கூடிய சாய லேசர்கள் வந்த பிறகே பரவலானது. எந்த நிலையில் அணு இருக்கிறது என்று பார்த்துச் சொல்லும் முறையும் அதையொட்டியே முதிர்ந்தது. தளர்வாகப் பிணைந்த எலக்ட்ரானை ஒரு மின்புலத்தால் பிய்த்தெடுத்துவிடலாம். n எண் 30 என்றால் சென்டிமீட்டருக்கு 400 வோல்ட் போதும். உயர்ந்த நிலைக்கு இன்னும் குறைவு. மின்புலத்தைப் படிப்படியாக உயர்த்திக்கொண்டே போனால், எந்த நேரத்தில் எலக்ட்ரான் வந்து விழுகிறது என்பதிலிருந்து அணு எந்த மட்டத்தில் இருந்தது என்பதைப் படித்துவிடலாம்.

இரண்டாவது காரணம் மனப்பழக்கம். அறை வெப்பம் ஒளியியல் தாவல்களைப் பாதிக்காது என்பது சரியான பாடம். அந்தப் பாடம் ரிட்பெர்க் அணுக்களுக்கும் அப்படியே நீட்டிக்கப்பட்டுவிட்டது. சோதனையில் எதிர்பாராத மட்டங்களில் அணுக்கள் தென்பட்டால், வெற்றிடத்தில் மிச்சமிருக்கும் வாயு மூலக்கூறுகளின் மோதலைச் சந்தேகிப்பது எளிது.

1979இல் அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் இதை வெளிக்கொண்டுவந்தன. எஸ்.ஆர்.ஐ. ஆய்வு நிறுவனத்தில் தாமஸ் கேலகரும் வில்லியம் குக்கும் சோடியம் அணுவின் உயர்நிலைகளின் ஆயுள், கணக்கிட்டதைவிடக் குறைவாக இருப்பதைக் கண்டு, அறையின் வெப்பக் கதிர்வீச்சே, அதாவது கரும்பொருள் கதிர்வீச்சே, காரணம் என்று காட்டினார்கள். ஹூஸ்டனின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் ஸ்டெப்பிங்ஸ், டன்னிங் ஆகியோரின் குழு செனான் ரிட்பெர்க் அணுக்களை வைத்து அதே முடிவுக்கு வந்தது. அந்தக் குழுவின் அன்றாட வேலையே ரிட்பெர்க் அணுக்களின் மோதல்களை அளப்பது. மோதல் வேகத்தை அளக்கும் எவருக்கும் இது நேரடிச் செய்தி: மோதலே இல்லாதபோதும் அணுக்கள் பக்கத்து மட்டங்களுக்குப் பரவிக்கொண்டிருக்கும், அதைக் கழிக்காமல் எழுதும் எண்ணுக்கு நம்பகம் இல்லை.

சந்தேகத்துக்கு இடமில்லாத சான்று வேண்டுமானால், சுவரின் வெப்பநிலையை மாற்றிப் பார்க்க வேண்டும். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் டேனியல் கிளெப்னரின் குழு அதைச் செய்தது. ஸ்பென்சர், வைத்தியநாதன், டுகாஸ் ஆகியோர் சோடியம் அணுக்களைக் குளிரூட்டிய சூழலுக்குள் வைத்து, மட்டம் மாறும் வேகம் வெப்பநிலையோடு எப்படிக் கூடுகிறது என்று 1981, 1982 ஆண்டுகளில் அளந்து காட்டினார்கள். கதிர்வீச்சு எலக்ட்ரானை அணுவிலிருந்தே பிரித்தெடுக்கும் வேகத்தையும் அளந்தார்கள்.

அதே குழு அடுத்து எடுத்த அடியைத்தான் இந்த வரலாற்றின் மிக அழகான பகுதியாக நான் கருதுகிறேன். சுவரைக் குளிர்விக்காமலே அதன் குரலை நிறுத்த முடியுமா? கதிர்வீச்சு முறைமைகள் வெளியின் வடிவத்தைப் பொறுத்தவை. இணையான இரண்டு உலோகத் தகடுகளுக்கு இடையில், தகடுகளுக்கு இணையாக அதிரும் மின்புலம் நிலைக்க வேண்டுமானால் அதன் அரை அலைநீளமாவது இடைவெளிக்குள் அடங்க வேண்டும். அடங்காத அலைக்கு அங்கே இடமே இல்லை. 1981இல் வைத்தியநாதன், ஸ்பென்சர், கிளெப்னர் மூவரும் தகடுகளை மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான இடைவெளியில் நிறுத்தி, சோடியம் அணுக்களை நடுவே செலுத்தினார்கள். ஏறத்தாழ ஏழு மில்லிமீட்டர் அலைநீளத்தில் நிகழும் ஒரு தாவலை எடுத்துக்கொண்டார்கள். அலைநீளம் இடைவெளியின் இருமடங்கைத் தாண்டியதும், தகடுகளுக்கு இணையாக அதிரும் புலத்தின் உட்கவர்தல் நின்றது. வெப்பமான தகடுகள் அருகிலேயே இருந்தும், அவற்றின் வெப்பம் அந்த அதிர்வெண்ணில் அணுவை வந்தடைய வழியில்லாமல் போனது. தன்னிச்சையான உமிழ்வையே இப்படி அடக்க முடியும் என்று கிளெப்னர் அதே ஆண்டு கணித்திருந்தார். 1985இல் ஹியூலெட், ஹில்ஃபர் ஆகியோருடன் சேர்ந்து, சீசியத்தின் வட்டநிலை அணுக்களில் அதையும் நிகழ்த்திக் காட்டினார்.

பாரிஸில் செர்ஜ் அரோஷ் குழு எதிர்த்திசையில் போனது. அவர்கள் முறைமையை அகற்றாமல், ஒரே ஒரு முறைமையை மட்டும் வளர்த்தெடுத்தார்கள். மீகடத்தும் நயோபியம் பூசிய இரண்டு ஆடிகளுக்கு நடுவே 51 ஜிகாஹெர்ட்ஸ் நுண்ணலை ஒத்ததிரும் குழி ஒன்றை அமைத்தார்கள். 50, 51 ஆகிய இரு வட்டநிலைகளுக்கு இடையிலான தாவலும் அதே அதிர்வெண். குழியை 0.8 கெல்வினுக்குக் குளிர்வித்தால் உள்ளே இருக்கும் வெப்ப ஃபோட்டான்களின் சராசரி 0.05, பெரும்பாலான நேரம் குழி காலி, அவ்வப்போது ஒரு ஃபோட்டான் தோன்றி மறையும். 2007இல் அவர்கள் அணுக்களை ஒன்றன்பின் ஒன்றாகக் குழிக்குள் செலுத்தி, ஃபோட்டானை அழிக்காமலே அதன் இருப்பை அறிந்து, ஒரு வெப்ப ஃபோட்டான் பிறப்பதையும் ஏறத்தாழ பத்தில் ஒரு நொடி வாழ்ந்து இறப்பதையும் நேரடியாகப் பதிவு செய்தார்கள். பிளாங்கின் விதி ஒரு சராசரி. அந்தச் சராசரிக்குப் பின்னால் இருக்கும் தனித்தனி நிகழ்வுகளைக் கண்ணெதிரே வரிசையாகக் காட்டிய சோதனை இது. அரோஷுக்கு 2012இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஜப்பானின் கியோட்டோவில் இருந்த குழு இன்னும் குளிரான இடத்துக்குப் போனது. அக்சியான் என்னும் கருதுகோள் துகளைத் தேடும் முயற்சியின் பகுதியாக, n எண் 111 கொண்ட ருபிடியம் அணுக்களை உணரியாக வைத்து, 2.5 ஜிகாஹெர்ட்ஸ் குழியின் கரும்பொருள் கதிர்வீச்சை 67 மில்லிகெல்வின் வரை அளந்தார்கள்.

இதுவரை பேசியது தாவல்களைப் பற்றி. கதிர்வீச்சு அணுவைத் தாவச்செய்யாமலே அதன் ஆற்றல் மட்டத்தை நகர்த்தவும் செய்கிறது. தொலைவில் தளர்வாகத் திரியும் எலக்ட்ரான், வெப்பக் கதிர்வீச்சின் அகச்சிவப்புப் பகுதியைப் பொறுத்தவரை ஏறத்தாழ கட்டற்ற எலக்ட்ரானே. மாறிமாறி அடிக்கும் புலத்தில் அது நடுங்குகிறது. அந்த நடுக்கத்தின் ஆற்றல் அதன் மட்டத்தோடு சேர்கிறது. ஆகவே எல்லா உயர் ரிட்பெர்க் மட்டங்களும் எந்தத் தனிமம் என்ற வேறுபாடின்றி, 300 கெல்வினில் 2.4 கிலோஹெர்ட்ஸ் அளவுக்கு மேலே நகர்கின்றன. வெப்பநிலையின் இருமடிக்கு ஏற்ப இது கூடும். 1984இல் கொலராடோவின் போல்டரில் லியோ ஹோல்பெர்க், ஜான் ஹால் இருவரும் வெப்பமூட்டிய மூலத்தின் கதிர்வீச்சை ருபிடியம் அணுக்கள்மேல் விழச்செய்து இந்த நகர்வை அளந்தார்கள். ஒளியின் அதிர்வெண்ணோடு ஒப்பிட்டால் கிலோஹெர்ட்ஸ் என்பது எத்தனை சிறியது என்று எண்ணினால், அந்த அளவீட்டின் அருமை விளங்கும்.

இந்த நகர்வு அணுக் கடிகாரக்காரர்களுக்கு அன்றாடக் கவலை. கடிகாரங்கள் பயன்படுத்துவது ரிட்பெர்க் நிலைகளை அல்ல. ஆனாலும் நொடியை வரையறுக்கும் சீசியம் அணுவின் அதிர்வெண், அறை வெப்பத்தால் நூறு லட்சம் கோடியில் 1.7 பங்கு நகர்கிறது. ஸ்ட்ரான்ஷியம் ஒளியியல் கடிகாரத்தில் 429 டெராஹெர்ட்ஸில் 2.3 ஹெர்ட்ஸ். இன்றைய கடிகாரங்களின் துல்லியத்துக்கு முன் இவை மிகப் பெரிய எண்கள். எனவே அணு காணும் கதிர்வீச்சின் வெப்பநிலையைத் துல்லியமாக அறிய வேண்டியிருக்கிறது. சுவரில் ஒட்டிய உணரி சுவரின் ஒரு புள்ளியைத்தான் சொல்லும். அணு இருக்கும் இடத்தின் புலத்தைச் சொல்லாது. கடிகார அணுவையே ரிட்பெர்க் நிலைக்கு ஏற்றி வெப்பமானியாக்கலாம் என்ற யோசனையை ஒவ்ஸியான்னிகோவ், டெரேவியாங்கோ, கிபிள் ஆகியோர் 2011இல் முன்வைத்தார்கள். அண்மையில் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட், குளிர்ந்த ருபிடியம் ரிட்பெர்க் அணுக்கள் பக்கத்து மட்டத்துக்கு மாறும் வேகத்திலிருந்தே வெப்பநிலையைக் கணக்கிடும் வெப்பமானியைச் செய்துகாட்டியது. அணுவின் பண்புகள் உலகெங்கும் ஒன்று என்பதால், இத்தகைய கருவியை இன்னொரு வெப்பமானியோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கத் தேவையில்லை.

எல்லா இடத்திலும் இந்தக் கதை நன்மையாக முடிவதில்லை. ரிட்பெர்க் அணுக்களைக் கொண்டு குவாண்டம் கணினி கட்டலாம் என்று 2000இல் யாக்ஷ், சொல்லர், சிராக், லூக்கின் முதலியோர் முன்மொழிந்தார்கள். இன்று பல குழுக்கள் நூற்றுக்கணக்கான அணுக்களை லேசர் இடுக்கிகளில் வரிசையாக நிறுத்தி அதைச் செய்கின்றன. ஓர் அணு ரிட்பெர்க் நிலைக்கு ஏறினால், அதன் பக்கத்து அணு ஏற முடியாதபடி தடுக்கிறது. அந்தத் தடையே கணினியின் தருக்க வாயிலாகப் பயன்படுகிறது. அறை வெப்பம் அந்த அணுவைத் திட்டமிட்ட S நிலையிலிருந்து, கோண உந்தம் வேறான பக்கத்து P நிலைக்கு மாற்றிவிட்டால் பிழை ஒன்றோடு நிற்பதில்லை. S நிலையிலும் P நிலையிலும் உள்ள இரண்டு அணுக்கள் தம் கிளர்ச்சியைத் தொலைவிலிருந்தே பரிமாறிக்கொள்ளும். அந்த உறவு நெடுந்தூரம் எட்டுவதால், வழிதவறிய ஓர் அணு சுற்றியுள்ள பல அணுக்களின் மட்டங்களைக் குலைக்கிறது. மேரிலாந்தில் எலிசபெத் கோல்ட்ஷ்மிட் குழு 2016இல் வெளியிட்ட முடிவில், ருபிடியம் அணுக்களின் நிறமாலைக் கோடு தனி அணுவுக்குரிய அகலத்தைவிடப் பல மடங்கு அகன்றிருந்ததற்கு இதுவே காரணம் என்று காட்டியது. குளிர்ந்த ரிட்பெர்க் வாயு அடர்த்தியாக இருந்தால் விளைவு இன்னும் கடுமை. கதிர்வீச்சால் பிரியும் சில எலக்ட்ரான்களே தொடக்கமாகி, எஞ்சும் நேர் அயனிகள் பின்வரும் எலக்ட்ரான்களைப் பிடித்து வைக்க, அவை மற்ற அணுக்களோடு மோத, வாயு முழுவதும் தானாகவே பிளாஸ்மாவாகிவிடுகிறது. 2000இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவிலும் பிரான்சின் ஓர்சேயிலும் இது கவனிக்கப்பட்டது.

தீர்வுக்கு இரண்டு வழிகள். கலம் முழுவதையும் திரவ ஹீலிய வெப்பநிலைக்குக் கொண்டுபோவது ஒன்று. செலவும் சிக்கலும் மிகுந்தது. மற்றொன்று 1981இன் தகடுகளுக்குத் திரும்புவது. 2023இல் பாரிஸில் மிஷேல் ப்ரூன், ரெமோன், கிளேய்ஸ் முதலியோர் அறை வெப்பநிலையிலேயே இரண்டு தகடுகளுக்கு நடுவே வட்டநிலை ருபிடியம் அணுக்களை ஒரு மில்லிநொடிக்கு மேல் வாழவைத்தார்கள். ஸ்டுட்கார்ட்டில் ஒரு குழு, ஒளி ஊடுருவும் மின்கடத்துப் பூச்சு கொண்ட கண்ணாடித் தகடுகளைப் பயன்படுத்தி, ஸ்ட்ரான்ஷியம் அணுக்களில் இதைச் செய்தது. தகடு ஒளியை உள்ளே விடுகிறது, ஆகவே லேசர் இடுக்கி வேலை செய்கிறது. நுண்ணலையை அனுமதிப்பதில்லை, ஆகவே அறை வெப்பம் உள்ளே வருவதில்லை.

சோதனைச்சாலைக்கு வெளியே, மிகப்பெரிய ரிட்பெர்க் அணுக்கள் இருப்பது விண்மீன்களுக்கு இடையிலான வெளியில். அங்கே ஒரு கன சென்டிமீட்டருக்குச் சில நூறு அணுக்களே இருக்கும் அளவுக்கு வாயு நீர்த்திருப்பதால், n எண் நூற்றுக்கணக்கில் இருக்கும் அணுக்களும் சிதையாமல் இருக்க முடிகிறது. அயனி எலக்ட்ரானைப் பிடித்துக்கொண்டு படிப்படியாக இறங்கும்போது தோன்றும் ரேடியோ கோடுகளைப் பெற முடியும் என்று நிகோலாய் கர்தாஷேவ் 1959இல் கணித்தார். உக்ரைனின் கார்கிவில் கொனொவலெங்கோவும் சோதினும் 1980இல் காசியோபியா ஏ என்னும் வெடித்த விண்மீனின் எச்சத்தை நோக்கி 26 மெகாஹெர்ட்ஸில் ஓர் உட்கவர் கோட்டைப் பிடித்தார்கள். அது n எண் 631 கொண்ட கார்பன் அணுவின் கோடு என்பது பிறகு தெளிவானது. அதை அடுத்து 1985இல், பெங்களூரு ராமன் ஆய்வுக்கழகத்தின் கே. ஆர். அனந்தராமையாவும், சி. வி. ராமனின் மகன் வி. ராதாகிருஷ்ணனும், எரிக்சனோடு சேர்ந்து, கர்நாடகத்தின் கௌரிபிதனூர் தொலைநோக்கியால் 34.5 மெகாஹெர்ட்ஸில் n எண் 575 கொண்ட கார்பனைக் கண்டார்கள். அந்த அணுவின் விட்டம் 35 மைக்ரோமீட்டர். பெரும்பாலான பாக்டீரியாக்களைவிடப் பெரிய ஓர் அணு. பின்னர் நிமிஷா கந்தாரியாவும் அனந்தராமையாவும் கௌரிபிதனூரையும், நீலகிரிச் சரிவில் 1970 முதல் இயங்கும் 530 மீட்டர் நீள ஊட்டி ரேடியோ தொலைநோக்கியையும் சேர்த்துப் பயன்படுத்தி, பால்வழித் தளத்தில் இதே கார்பன் கோடுகளை ஆராய்ந்தார்கள். ஊட்டியின் 328 மெகாஹெர்ட்ஸில் பார்க்கும்போது கோடு உமிழ்வாகத் தெரிகிறது, கௌரிபிதனூரின் 34.5 மெகாஹெர்ட்ஸில் உட்கவர்தலாகத் தெரிகிறது.

அந்த மாற்றத்தில் பின்புலக் கதிர்வீச்சுக்குப் பெரும் பங்கு உண்டு. விண்வெளி குளிர்ந்தது, அங்கே 2.7 கெல்வின் எச்சக் கதிர்வீச்சு மட்டுமே என்று நினைக்கிறோம். அது நுண்ணலைகளுக்குப் பொருந்தும். சில பத்து மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில், காந்தப்புலங்களில் சுழலும் வேகமான எலக்ட்ரான்களால் பால்வழி முழுவதும் ஒளிர்கிறது; அந்த ஒளிர்வு பல ஆயிரம் கெல்வின் வெப்பப்பொருளுக்குச் சமம். கார்பன் முகிலின் சொந்த வெப்பநிலையோ நூறு கெல்வினுக்குக் கீழே. பின்னால் இருக்கும் கதிர்வீச்சு வாயுவைவிடப் பலமடங்கு பிரகாசமானது. மட்டங்களின் நிரப்பம் வாயுவின் வெப்பநிலையை நெருங்கும்போது கோடு உட்கவர்தலாக மாறுகிறது. n இன்னும் உயரும்போது, அந்தப் பின்புலமே அணுக்களை மட்டத்துக்கு மட்டம் தள்ளி, ஒவ்வொரு நிலையின் ஆயுளையும் குறைத்து, கோட்டை அகலமாக்குகிறது. 1979இல் சோடியத்திலும் செனானிலும் நடந்தது இங்கே கார்பனில் நடக்கிறது. சுவர் மட்டும் ஒரு விண்மீன் மண்டலம்.

நெதர்லாந்தை மையமாகக் கொண்ட லோஃபார் தொலைநோக்கி, காசியோபியா ஏ திசையில் n எண் 800ஐத் தாண்டிய கார்பன் கோடுகளை 2010களில் அளந்தது. கோடுகள் n-ஓடு எப்படி அகன்றுகொண்டே போகின்றன என்பதிலிருந்து, பால்வழியின் பெர்சியஸ் சுருள்கரத்தில் இருக்கும் அந்த முகிலின் அடர்த்திக்கும் அதை நனைத்திருக்கும் கதிர்வீச்சுப் புலத்தின் வலிமைக்கும் வரம்பு கட்டினார்கள். பூமியிலிருந்து பார்க்கும்போது நமக்குக் கிடைப்பது பார்வைக்கோடு முழுவதும் சேர்ந்த ஒளிர்வு. முகில் இருக்கும் இடத்தில் மட்டும் புலம் எவ்வளவு என்று தனியே பிரித்துச் சொல்லும் வழிகள் மிகக் குறைவு. ஆயிரம் மட்டத்தை நெருங்கும் அந்தக் கார்பன் அணுக்களின் ஆயுட்குறைவு, அத்தகைய வழிகளில் ஒன்று.